தரகரைச் சுட்டது உண்மைதான்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் வாசலில் படுத்துக்கிடக்கும் நொண்டிப் பூனையும் நலம். நீ அங்கே நலமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. நலம் என்று எழுதச் சொல்லிவிட்டேனே தவிர என் வலதுகைக் கட்டைவிரலுக்கு நலம் போதாது, சுட்டுக்கொண்டுவிட்டேன். பதறாதே, நான் தரகரைச் சுட்டது வேறு, என்னைச் சுட்டது ஈயப்பற்று வைக்கிற இரும்பு. விரலில் உருண்டையாகக் கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க வரவில்லை, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுதடி, உன் சொந்தச் சரக்கைக் கலக்காதே என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கண்ணாடி போடாமல் அம்மாவால் படிக்க முடியாது. கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது இப்போதைக்கு எனக்கும் பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.)

நேற்று போனில் நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தரகரை நான் சுட்டேனா என்று கேட்டாய், சுட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேள் என்றாய், கேட்க மாட்டேன். கடையை விற்கிற பத்திரத்தில் என்றைக்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்றாய், அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது, முதலிலேயே அங்கே தாவிப் போகாதே, வரிசையாகப் படி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போன் என்றால் நீ பேசுவாய் நான் கேட்பேன் என்று ஆகிவிட்டது, கடிதமென்றால் நான் பேசுவேன் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும், நடுவில் சரிம்மா மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிட முடியாது.

முதலில் அந்தத் துப்பாக்கி என்னவென்று தெரிந்துகொள், நீ பாட்டுக்கு அம்மாவுக்கு ஏதோ கெட்ட சகவாசம் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தெருமுனைத் தையல்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். பாதி நாள் தைப்பார், மீதி நாள் நாடகம் போடுவார், எல்லோரும் டைரக்டர் டைரக்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு யார் சட்டையும் சொன்ன தேதியில் வருவதில்லை. இந்த முறை விண்வெளி நாடகம், உன் தங்கைதான் கப்பலுக்குக் கேப்டன். இந்தக் காலத்து ராக்கெட் இல்லையாம், முன்காலத்து மனிதர்கள் வருங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று கற்பனை பண்ணிவைத்தார்களே, வளையம் வளையமாய், பளபளவென்று, கண்ணாடிக் குமிழ் வைத்து, அந்த வருங்காலமாம். என்னமோ பழைய புதுசு. அதற்கு ஒளித்துப்பாக்கி ஒன்று வேண்டுமென்று டைரக்டர் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒத்திகையில் இவள் அதை நீட்டியதும் எதிரிக் கிரகத்து ராஜாவே சிரித்துவிட்டானாம், தலைமுடி காயவைக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்பிட்டே என்று கேட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை, நேராக நம் பழைய இரும்புக் கடைக்குள் போய்ச் சாக்குகளைக் கவிழ்க்க ஆரம்பித்தாள். (துப்புக் கெட்டவள் என்று என்னைத் திட்டுவாயே அண்ணா, துப்பு இருந்ததால்தான் துப்பாக்கி வந்தது.)

நானும் முதலில் திட்டினேன். வேலையற்ற வேலை, பரீட்சை வருகிறது, பித்தளைச் சாக்கைக் கலைக்காதே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவள் பொறுக்கி எடுத்துவந்து வரிசையாக வைத்ததைப் பார்த்தபோது என் வாய் கொஞ்சம் அடங்கியது. சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாய் ஒன்று, அது குழல். தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்குமே செம்புப் பந்து, அது நடுவயிறு. குழலைச் சுற்றி மாட்டத் திரைச்சீலை வளையங்கள், பெரிதிலிருந்து சிறிதாக. முன்னால் எண்ணெய் ஊற்றுகிற சின்னப் புனல், அதன் வாயில் ஸ்கூட்டர் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி. பழைய இஸ்திரிப் பெட்டியின் மரக் கைப்பிடி, விசைக்குச் சைக்கிள் பிரேக் பிடி. காற்றடிக்கிற மிஷினில் இருந்த முள் மீட்டரை முதுகில் உட்காரவைத்து, பிரேக்கைப் பிடித்தால் முள் துள்ளும்படி நூல் கட்டினாள். சத்தத்துக்கு மோட்டார் ஒன்று வேண்டுமென்று தேடி எதை எடுத்தாள் தெரியுமா, தலைமுடி காயவைக்கிற மிஷினின் மோட்டாரை. வீம்பு என்றால் வீம்பு, அப்படியே உன்னை மாதிரி. எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டப் போனாள், அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். நம் கடையில் பிறந்துவிட்டுப் பசையைத் தொடுவாயா, பசை போட்டால் பித்தளையும் போச்சு செம்பும் போச்சு, திருகாணி போடு, நாளைக்குப் பிரிக்க வேண்டாமா என்றேன். எதைச் சேர்த்தாலும் பிரிக்கிற மாதிரி சேர்க்கவேண்டும், அதுதானே நம் தொழில். அவளும் முணுமுணுத்துக்கொண்டே திருகாணி போட்டு முடித்தாள், பேட்டரிச் செல் போட்டுப் பிரேக்கைப் பிடித்ததும் சிவப்பாக எரிந்து விர்ரென்று இரைந்து முள் ஒரு குதி குதித்தது பார், எனக்கே ஒருமுறை அமுக்கிப் பார்க்கத் தோன்றியது, தாயாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள்தான் அந்த வினை. நம் கடையில் தராசுக்கு அந்தப் பக்கம் சாமான் வந்திறங்குகிற பலகை, இந்தப் பக்கம் பிரிக்கிற பலகை என்பது உனக்குத் தெரியாததல்ல. பிரிக்கிற பலகையில் எது இருந்தாலும் யாருடையது எதற்கு என்று கேட்பதில்லை, கை பட்டதும் பிரித்துச் சாக்கு வாரியாகப் போட்டுவிட வேண்டியதுதான். நீயே பள்ளிக்கூடம் போகிற வயதில் சாப்பாட்டு டப்பாவை அங்கே மறந்துவைத்துவிட்டு, மூடியை ஒரு சாக்கிலும் டப்பாவை இன்னொரு சாக்கிலும் தேடி எடுத்து அழுதிருக்கிறாய். இவள் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, வெயில் நன்றாக விழுகிற இடம் என்று துப்பாக்கியை அந்தப் பலகையில் காயவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நான் அங்கே முக்காலியைப் போட்டு உட்காரவும் உன் போன் வரவும் சரியாக இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். நீ பேசினாய். உன் அடுக்குமாடி வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருக்கிற அறையைச் சொன்னாய், லிஃப்ட் இருக்கிறது முழங்காலுக்கு நல்லது என்றாய், தூசியில் உட்கார்ந்து இருமி இருமிச் சாகாதே என்றாய், தரகர் நல்ல ஆள் கொண்டுவந்திருக்கிறார் இப்போது விட்டால் கிடைக்காது என்றாய், கடைசியில் அங்க என்னம்மா இருக்கு, வெறும் துருதானே என்றாய். உன் குரலில் இருந்தது பாசம்தான், அது எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு முழங்காலும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. சரிப்பா என்று நான்தான் சொன்னேன். சொல்லவே இல்லை என்று இப்போது சாதிக்கமாட்டேன்.

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் என் முன்னால் பித்தளை ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், மரக் கைப்பிடி தனியாக, சிவப்புக் கண்ணாடி துணியில் சுற்றிப் பத்திரமாக, திருகாணிகள் கூட அளவுவாரியாக டப்பாவில். நீ பேசப் பேச என் கை பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது. போன தடவை உன் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் உன் காலிங் பெல்லைப் பிரித்து வைத்தேனே, அதே கை. சாயங்காலம் இவள் வந்தாள். கத்துவாள், காலை உதறுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குவியல்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள். அண்ணன் பேசிச்சா என்றாள். ஆமா என்றேன். என்ன சொன்னே என்றாள். சரின்னு சொல்லிட்டேன் என்றேன். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ கடையையும் இந்தப் பலகையிலதான் வச்சிட்டியாம்மா?"

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. நீயெல்லாம் நினைக்கிற மாதிரி இந்தக் கடையை நான் கும்பிட்டுக்கொண்டு இல்லை, துரு துருதான், தூசி தூசிதான். ஆனால் நான் சொன்ன சரி என்பது யோசித்துச் சொன்னதில்லை, பலகையில் இருந்ததை என் கை பிரித்த மாதிரி என் வாய் பிரித்துப் போட்ட ஒரு சொல். அப்படி ஒரு சொல்லை நம்பி நீ தரகரை அனுப்பிவிட்டாய். பிரிச்சது நான்தானே, நானே சேர்த்துத் தரேன், நகரு என்று இவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். இவள் திருகாணி டப்பாவை நீட்டினாள். வேண்டாம் என்றேன். உன் அப்பா வைத்திருந்த ஈயப்பற்று இரும்பை மூலையிலிருந்து எடுத்துச் சூடுபண்ணச் சொன்னேன். குழலுக்கும் பந்துக்கும் நடுவில் பற்று வைத்தேன், வளையம் வளையமாகப் பற்று வைத்தேன், மீட்டரின் காலுக்கு வைத்தேன். இத்தனை வருஷத்தில் பிரிக்கவே முடியாத மாதிரி நான் சேர்த்த பொருள் இது ஒன்றுதான். கடைசிப் பற்றில்தான் கட்டைவிரல் மாட்டியது. போகட்டும். (அம்மா அப்போது ஆ என்றுகூடச் சொல்லவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு இடதுகையால் விசையை அமுக்கிப் பார்த்தாள். நாலு தடவை அமுக்கினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.)

(அண்ணா, அம்மா இப்போது எடை போடப் போயிருக்கிறாள், யாரோ ஓட்டை அண்டா கொண்டுவந்திருக்கிறார்கள். தரகர் வந்த கதையை அம்மா சொன்னால் சுருக்கிவிடுவாள், நான் நேரில் பார்த்தவள், அதனால் இதை நான் எழுதுகிறேன். நீ அவரைத் தரகர் என்கிறாய், அம்மா ஒருமுறை வாய் தவறித் தகரர் என்றாள், எங்களுக்கு அதுவே நிலைத்துவிட்டது, ஏனென்றால் தட்டினால் நல்ல சத்தம் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. தகரர் ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸும் இரும்பு டேப்புமாக வந்தார். உங்க பையன் எல்லாம் பேசிட்டாரும்மா, அளந்துட்டுப் போயிடுறேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அளக்க ஆரம்பித்தார். சுவரில் கோடு, தூணில் கோடு, தராசு மேல்கூட ஒரு கோடு. டேப் இரண்டு மூன்று தடவை இரும்புக் குவியலில் போய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதன் முனையில் நம் கடைக் காந்தத்தை நான் ஒட்டவைத்ததாகச் சொல்லியிருப்பார், பொய், நான் பக்கத்தில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது காந்தத்தின் குணம். அப்புறம் அவர் இடுப்பில் கைவைத்து நின்று சுற்றிலும் பார்த்து, இந்தக் குப்பையை அள்ள ரெண்டு லாரி போதும் என்றார். நான் அப்போது ஒத்திகைக்காகக் கேப்டன் உடுப்பில் டயர் குவியலின் உச்சியில் நின்று வசனம் படித்துக்கொண்டிருந்தேன். கேப்டன் என்றால் கிரகத்தைக் காப்பாற்ற வேண்டுமா இல்லையா. சுட்டேன். சிவப்பு விளக்கு நேராக அவர் சட்டைப் பையில் விழுந்தது, மோட்டார் விர்ரென்றது. அண்ணா, அவர் டேப்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அன்றைக்கு அண்டா விற்க வந்திருந்த அண்டாக்காரம்மா ஒருத்தி சிரித்தபிறகுதான் கையை இறக்கினார்.)

(முகம் செம்பு மாதிரி ஆகிவிட்டது. பொம்பளப் பிள்ளையை இப்படியா வளர்ப்பீங்க என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா வந்து கையை நீட்டினாள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுக் காதைத் தயாராக வைத்துக்கொண்டேன், திருகுவாள் என்று. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள், மீட்டரில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு அவரிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.)

"இன்னொரு கோடு போடுங்க, நானே சுடுறேன்."

(அவர் விளையாட்டுக்கு என்று நினைத்துச் சிரித்தார். எங்கே போட்டார் தெரியுமா, பிரிக்கிற பலகையில் போட்டார். அம்மா சுட்டுவிட்டாள். கட்டுப்போட்ட கையால், கண் இமைக்காமல், செல் தீர்கிற வரைக்கும். அவர் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். சாக்பீஸ் நல்லது, நான் வைத்திருக்கிறேன். எங்க அம்மா என்மேல துப்பாக்கி நீட்டினாங்க என்று அவர் உன்னிடம் சொன்னபோது அது என்ன துப்பாக்கி என்று சொல்லவில்லை பார், அங்கேதான் தெரிகிறது தகரம்.)

கண்ணாடி கிடைத்துவிட்டது. பூனையின் சாக்குக்கு அடியில் இருந்தது. இவள் எழுதிவைத்திருப்பதையெல்லாம் இப்போதுதான் படித்தேன், அதிகப்பிரசங்கி. அடித்துவிட்டு வேறு எழுது என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் நடந்தது நடந்தபடிதானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்க அம்மா என்று எழுதியிருக்கிறாளே, உங்க அம்மா என்றல்லவா தரகர் சொல்லியிருப்பார், அதைக்கூடச் சரியாக எழுதத் தெரியவில்லை இந்தக் கேப்டனுக்கு. அண்டாக்காரம்மா சிரித்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை. நாலு தடவை அமுக்கினேன் என்பது பொய், மூன்று.

நாடகம் நன்றாக நடந்தது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற மன்றத்தில் நாற்காலி போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆள். இவள் துப்பாக்கியை எடுத்ததும் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், எதிரிக் கிரகத்து ராஜா இந்தத் தடவை சிரிக்கவில்லை, சுட்டதும் மேடையிலேயே மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தான், சொல்லிக்கொடுத்தது ஒரு சுற்றுதானாம். துப்பாக்கியில் நான் வைத்த ஒரு பற்றுகூட விடவில்லை. டைரக்டர் அடுத்த நாடகத்துக்குக் கப்பலின் உள்ளறை முழுவதும் நம் கடைச் சாமானில்தான் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டார். சட்டையை எப்போது தருவீர்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

உன் பயம் எனக்குப் புரிகிறது கண்ணா. இருமலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன், நீ அனுப்பிய முகமூடியைக்கூட இப்போது போடுகிறேன், முழங்காலுக்கு உயரமான முக்காலி செய்துகொண்டேன், அதுவும் பழைய சாமான்தான். டாக்டரிடம் காட்டச் சொன்னாய், காட்டுகிறேன், அதில் உன் பேச்சைக் கேட்கிறேன். உன் வீட்டுக்கும் வருவேன், விருந்தாளியாக வருவேன், அந்த அறையில் இருந்து சாப்பிட்டுவிட்டு உன் காலிங் பெல்லைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். மடியில் கையை வைத்துக்கொண்டு பார்சல் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. என்றைக்குமே விற்கமாட்டேன் என்று சபதம் போடவில்லை, ஒருநாள் விற்கலாம், அந்த நாள் எது என்பதை நான் சொல்வேன், தரகரின் சாக்பீஸ் சொல்லாது, நீயும் சொல்லாதே. அன்றைக்குச் சொன்ன சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிரித்த துப்பாக்கியையே சேர்த்தேன், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்குத் தெரியாதா. உன் ஆபீசில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் மெட்டல் பிசினஸ் என்கிறாயாமே, தங்கை சொன்னாள், இனிமேல் அப்படி மழுப்பாதே, பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறாள், ஓய்வு நேரத்தில் துப்பாக்கி செய்கிறாள் என்று தலைநிமிர்ந்து சொல், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். தரகர் மறுபடி போன் பண்ணினால் அம்மாவிடம் செல் புதிதாகப் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவை.

நேரத்துக்குத் தூங்கு, இரண்டு காலிலும் ஒரே ஜோடி சாக்ஸ் போடு, தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியும் டீயுமாகக் காலத்தை ஓட்டாதே. கெட்டில் எரிந்துபோனதாகச் சொன்னாய், அதைக் குப்பையில் போட்டுவிடாதே, வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவா, அதன் அடியில் இருக்கிற தட்டு அடுத்த நாடகத்துக் கப்பலின் கதவுக்குச் சரியாக இருக்கும். நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நாலு பேருக்கு நல்லவனாய் நீ நீண்டநாள் இருக்கவேண்டும். (நானும் ஆசீர்வாதம் பண்ணுகிறேன், குனிந்துகொள். இதற்குமேல் எழுத அம்மா விடமாட்டாள், பேனாவைக் கேட்கிறாள்.)

இது நானே எழுதுவது, இடதுகையால். எழுத்து கோணல், வார்த்தை நேர். நீ என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயே கையெழுத்து, இதோ போட்டிருக்கிறேன், இந்தத் தாளில் மட்டும்தான் போடுவேன்.

உன்
அம்மா